மாடி அறைக் கண்ணாடி

கால்வாய்க்கரை முகாம்
14 ஏப்ரல் 1969

அன்புள்ள இன்ஸாஃப் அக்காவுக்கு,

தம்பி ஷவ்கி ஸலாம் சொல்லி எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவும் அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை. சூயஸிலிருந்து உங்களை லாரியில் ஏற்றி அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. எந்தக் கிராமத்தில் இறக்கிவிட்டார்கள் என்பதையே நம் தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே தண்ணீரும் தபாலும் ஒரே லாரியில் வருகின்றன. லாரி நின்றதும் பாதிப் பேர் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடுவார்கள். மீதிப் பேர் டிரைவர் பக்கம் ஓடுவோம். இப்போதெல்லாம் அந்த டிரைவர் என்னைப் பார்த்தால் லாரியை நிறுத்தும் முன்பே ஜன்னல் வழியாகக் கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

நான் இருக்கும் இடத்தின் பெயரை எழுத அனுமதியில்லை. எங்கள் அதிகாரி வாசித்த பிறகுதான் உறையை ஒட்டுவார். நம் மாடியிலிருந்து தெரியும் மலை இங்கிருந்தும் தெரிகிறது என்பதைச் சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன். மண்ணைக் குடைந்து, மேலே தண்டவாளக் கட்டையும் மணல் மூட்டையும் அடுக்கி, அதற்குள் படுத்துக்கொள்கிறோம். பருப்புக் கஞ்சியில் மணல், ரொட்டியில் மணல், தலையணையில் மணல். காற்று திரும்பினால் எதிர்க்கரையிலுள்ள இஸ்ரேல்காரர்களின் வானொலி கேட்கிறது. அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது புரிவதில்லை. நடுவில் சிரிப்பது மட்டும் புரிகிறது.

என் பக்கத்துப் படுக்கைக்காரன் பிஷாரா. மேல் எகிப்தில் கரும்பு வெட்டுகிறவன். நான் மணலைத் தட்டித் தட்டிப் படுப்பதைப் பார்த்து, “பட்டணத்து மாப்பிள்ளைக்கு மெத்தை போடச் சொல்லி ஜெனரலுக்கு ஒரு மனு எழுதவா?” என்பான். மனு என்ன, அவனுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

அப்பா பேசுகிறாரா? லாரி வந்த அன்று கட்டிலையும் பாத்திரங்களையும் நாங்கள் ஏற்றிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மாடிக்குப் போய் எனக்காகக் கட்டிய அறையின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அம்மாவின் இருமலுக்கு மருந்து கிடைக்கிறதா? இரண்டு வரியாவது எழுது.

உன் தம்பி,
ஷவ்கி


மின்யா அல்கம்ஹ் அருகே
6 மே 1969

என் கண்ணான தம்பி ஷவ்கிக்கு,

அக்காவின் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்று வாசித்ததும் அம்மா அதை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டார். நானும் இரண்டு கடிதம் போட்டேன். அவை எங்கே போயினவோ.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். ஒரு வகுப்பறையில் மூன்று குடும்பம். நடுவே கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டிருக்கிறோம். போர்வைக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ‘அல்லாஹ் அருள் செய்யட்டும்’ என்கிறோம். எல்லாம் சூயஸ்காரர்கள்தான். ஊர்க்காரர்கள் எங்களை அகதி என்று நேரே சொல்வதில்லை, ‘விருந்தாளிகள்’ என்கிறார்கள். பள்ளிக்கு எதிர் வீட்டு உம்மு ரகப் மட்டும் வாய் அடக்கமில்லாதவள். நேற்றுக் குழாயடியில், “மீன் தலை சப்பின வாய்க்கு எங்க ஊர் கீரை இறங்குமா?” என்றாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இங்குள்ள பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறேன். நாள் ஓடுகிறது.

அம்மாவுக்கு இருமல் உண்டு. தரையில் ஈரம் ஏறுகிறது, அதுதான் காரணம்.

அப்பாவைக் கேட்டிருந்தாய். அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மேஸ்திரி கரீப் என்றால் சூயஸில் பாதிப் பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? உம்மு ரகபின் கணவர் வந்து கோழிக்கூண்டுக்குச் சுவர் வைக்கக் கூப்பிட்டார், போகவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார். “வீடு எப்படி இருக்காம்?” சாப்பிடக் கூப்பிட்டால் அதையே கேட்கிறார். நீ நம் மலையைப் பார்க்கிறாய் என்றால் நம் தெருவுக்கு எவ்வளவோ பக்கம். எப்படியாவது ஒருமுறை போய்ப் பார்த்து எழுது. அவருக்காக.

பிஷாராவுக்கும் எங்கள் ஸலாம்.

உன் அக்கா,
இன்ஸாஃப்


முகாம்
27 ஜூலை 1969

அன்புள்ள அக்காவுக்கு,

ஷவ்கி ஸலாம் சொல்கிறேன். தாமதத்துக்குக் கோபப்படாதே. இந்த மாதம் இங்கே எப்படிப் போனது என்பதை வானொலியில் கேட்டிருப்பீர்கள். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

ரேஷன் லாரியோடு ஊருக்குள் போக ஒரு மதியம் கிடைத்தது. அர்பஈன் கடைவீதியில் நடந்தேன். சர்பத் கடையின் பெயர்ப் பலகை அப்படியே இருக்கிறது. முடிவெட்டுகிறவரின் நாற்காலி நடுத்தெருவில் கிடக்கிறது, அதில் ஒரு பூனை படுத்திருந்தது. பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுதேன். இமாமுக்குப் பின்னால் ஒரு வரிசைகூட நிறையவில்லை. ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எண்ணெய் ஆலைக்காரர்கள், தீயணைப்புக்காரர்கள், போக மாட்டோம் என்று அடம்பிடித்தவர்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “மேஸ்திரி மகன்தானே” என்று கேட்டு உப்புக் கருவாடு கொடுத்தார். முகாமுக்கு வந்து பிஷாராவோடு சாப்பிட்டேன். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் பங்கிலும் பாதியைத் தின்றுவிட்டான்.

வீடு நிற்கிறது. மாடி அறையில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்.

அம்மாவின் இருமலுக்கு சோம்பு போட்டுக் கொதிக்கவைத்துக் கொடு. நோன்பு மாதத்தில் விடுப்பு தருவார்கள் என்று பேச்சு.

ஷவ்கி


மின்யா அல்கம்ஹ் அருகே
15 ஆகஸ்ட் 1969

அன்புத் தம்பி ஷவ்கிக்கு,

நீ எங்கிருந்தாலும் அல்லாஹ் உன்னைக் காக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். உண்மையாகவே சுகம், உன் கடிதத்தால்.

‘ஒரு கண்ணாடி’ என்று நான் வாசித்ததும் அப்பா என்னை நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து முகம் கழுவினார். அன்று முழு ரொட்டி சாப்பிட்டார். மறுநாள் தானே போய் அந்தக் கோழிக்கூண்டுச் சுவரை வைத்துக் கொடுத்தார். உம்மு ரகப் அதைப் பார்த்துவிட்டு, “சுவர் இவ்வளவு நேரா இருக்கே, எங்க கோழிக்கு வெட்கமா இருக்கும்” என்றாளாம். அதைச் சொல்லி அப்பா சிரித்தார்.

இப்போது அவருக்கு நூறு கேள்வி. உடைந்தது கடல் பக்க ஜன்னலா, தெருப் பக்க ஜன்னலா? மேல் கண்ணாடியா, கீழ்க் கண்ணாடியா? மழை உள்ளே அடிக்காமல் பலகை வைத்தாயா? கைப்பிடிச் சுவரில் விரிசல் உண்டா? உனக்குக் கல்யாணம் ஆனதும் அந்த அறையில் நீலம் அடிப்பதா, வெள்ளை அடிப்பதா என்று அம்மாவும் அவரும் போர்வைக்குள் கிசுகிசுப்பாகச் சண்டை போடுகிறார்கள். அடுத்த குடும்பத்துக்காரர் அந்தப் பக்கமிருந்து, “நீலமே அடிங்க மேஸ்திரி, எங்களைத் தூங்க விடுங்க” என்கிறார்.

பதில் எழுது. விவரமாக எழுது.

அக்கா இன்ஸாஃப்


முகாம்
2 அக்டோபர் 1969

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நான் சுகம். அப்பா சிரித்தார் என்று நீ எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், வியர்வையில் மை கலைந்துவிட்டது.

அப்பாவுக்கு: உடைந்தது கடல் பக்க ஜன்னலில், கீழ்க் கண்ணாடி. பலகை வைத்து அடைத்திருக்கிறேன். கைப்பிடிச் சுவரில் விரிசல் இல்லை. ஆனால் அவர் இங்கே வரும் எண்ணமே வேண்டாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் சாவடியில் விட மாட்டார்கள். சாலையில் விமானம் சுடுகிறது. இதை அழுத்திச் சொல்.

பிஷாரா கதையைக் கேள். அவன் மனைவிக்கும் எழுதத் தெரியாது, ஊர்ப் பாதிரியார்தான் எழுதித் தருகிறார். அவர் எல்லாக் கடிதத்திலும் ஒரே மாதிரி எழுதுகிறார்: ‘கர்த்தரின் கிருபையால் அனைவரும் நலம், எருமை நலம்.’ பிஷாரா அதற்காக வாரக்கணக்கில் காத்துக் கிடப்பான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு வரவில்லை. ஒருமுறை நானே சேர்த்து வாசித்தேன், ‘மகன் உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடக்கிறான்’ என்று. அவன் அன்று இரவு தூங்கவே இல்லை. இப்போது, “அந்தத் தொப்பி வரியை மறுபடி வாசி” என்று பழைய கடிதத்தையெல்லாம் நீட்டுகிறான். எந்தக் கடிதத்தில் சொன்னேன் என்று எனக்கு எப்படி நினைவிருக்கும்?

விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நோன்பிலும் இல்லை. அடிக்கடி எழுது அக்கா.

ஷவ்கி


மின்யா அல்கம்ஹ் அருகே
5 டிசம்பர் 1969

அன்புத் தம்பிக்கு,

ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். நாங்கள் நோன்பு முடிக்கப் போகிறோம். அம்மாவுக்கு நோன்பு வேண்டாம் என்று வைத்தியர் தடுத்துவிட்டார். மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை.

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு மருந்து வாங்க ஸகாஸீக் போவதாகச் சொல்லிக் காலையில் கிளம்பினார். மாலையில் வரவில்லை. இரண்டாம் நாள் நான் அழுதுகொண்டு சாவடி சாவடியாக அலையத் துணிந்தபோது, காய்கறி லாரி டிரைவர் ஒருவர் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். ஸகாஸீக்கில் கண்ணாடி வெட்டி வாங்கி, போர்வையில் சுற்றி, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாவடியைக் கடந்திருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

‘சேர்ந்துவிட்டேன். வீடு நன்றாக இருக்கிறது. பையன் எழுதியதுபோல ஒரு கண்ணாடிதான். போட்டுவிட்டேன். உப்புக் காற்றில் பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. அதையும் முடித்துவிட்டு வருகிறேன். உன் அம்மாவை ஈரத்தில் படுக்கவிடாதே.’

அம்மா இதைக் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார். நீ எப்படியும் போய் அவரைப் பார். குளிருக்கு மேல்சட்டைகூட எடுத்துப் போகவில்லை.

அக்கா இன்ஸாஃப்


முகாம்
14 டிசம்பர் 1969

அக்கா,

இதைத் தனியாக, வெளியே போய் வாசி. காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், அதிகாரி பார்க்க மாட்டார்.

நம் வீடு இல்லை. ஜூலையில் நான் போனபோதே இல்லை. மாடிப்படி மட்டும் நின்றது. அதுவும் பாதி. படி ஏறி வானத்தில் முடிந்தது. நம் பக்கத்து மூன்று வீடும் சேர்ந்து ஒரே குவியலாகக் கிடந்தன. எது நம் செங்கல், எது அவர்கள் செங்கல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வந்து உண்மையைத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பா சாப்பிடாமல் வாசல்படியில் உட்கார்ந்திருப்பதாக நீ எழுதியிருந்தாய். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ‘வீடு நிற்கிறது’ என்று எழுதியதும், அதை மட்டும் எழுதினால் நம்ப மாட்டாரே என்று ஒரு கண்ணாடியை உடைத்தேன்.

அவர் எங்கே கண்ணாடி போட்டார்? எந்தப் பூச்சைப் பார்க்கிறார்? எங்கே படுக்கிறார்? எனக்குப் புத்தி கலங்குகிறது. எங்கள் இடத்திலிருந்து யாரையும் நகரவிடுவதில்லை. அந்த டிரைவரைப் பிடித்து, அவரை எங்கே பார்த்தான் என்று கேள். உடனே எழுது. அம்மாவிடம் மூச்சுவிடாதே.

ஷவ்கி


மின்யா அல்கம்ஹ் அருகே
8 மார்ச் 1970

தம்பி ஷவ்கிக்கு,

ஸலாம். உன் மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுதாமல் இருந்தது தவறுதான். எழுத முடியவில்லை.

டிரைவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சூயஸ் நுழைவில் இறக்கிவிட்டார், மறுநாள் அங்கேயே அப்பா காகிதம் கொடுத்தார் என்பதோடு சரி. அதற்குப் பிறகும் அந்த டிரைவர் வழியாகத்தான் அப்பாவின் காகிதங்கள் வருகின்றன. ஜனவரியில் வந்ததில், கடல் பக்கச் சுவர் பூச்சு முடிந்தது என்று எழுதியிருந்தார். அதற்கடுத்ததில், அம்மா படுக்க மாடியிலேயே ஈரம் ஏறாத மூலை ஒன்று பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார். ஷவ்கி, நீ ஒரு கண்ணாடியை உடைத்தாய். அவர் அதன்மேல் ஒரு வீட்டையே கட்டிக்கொண்டிருக்கிறார். அதையெல்லாம் நான் அம்மாவுக்குச் சத்தமாக, குரல் நடுங்காமல் வாசித்தேன். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது.

அம்மாவுக்கு இப்போது இருமல் இல்லை. அவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அப்பாவைத் தேடு. எப்படியாவது தேடு.

இன்ஸாஃப்


முகாம்
20 ஏப்ரல் 1970

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். அப்பாவைப் பார்த்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார். முதலில் இதைச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றதை எழுதுகிறேன்.

பிஷாரா ஜனவரியில் போய்விட்டான். தண்ணீர் டின்னோடு வந்துகொண்டிருந்தான். குளிர்காலத்தில் எழுதிய கடிதங்களில் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அவன் ஊர்ப் பாதிரியாருக்கு நான்தான் எழுதினேன். அதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

போன வாரம் காயக்காரர்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஊருக்குள் போனது. தூக்குக் கட்டில் பிடிக்க என்னையும் ஏற்றினார்கள். திரும்பும்வரை கொஞ்சம் நேரம் கிடைத்தது. எதிர்ப்பட்டவரிடமெல்லாம் கேட்டேன். தீயணைப்புக்காரர் ஒருவர், “மேஸ்திரியா? ரொட்டி வேகுற இடத்துக்குப் போ” என்றார்.

ஊரில் மிச்சமிருப்பது ஒரு ரொட்டிக்கூடம்தான். அதன் அடுப்பு குண்டு அதிர்ச்சியில் வெடித்திருந்ததாம், அப்பா பிரித்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். நான் போனபோது குனிந்து களிமண் மிதித்துக்கொண்டிருந்தார். பாதி ஆளாக இளைத்திருக்கிறார். யாரோ கொடுத்த தீயணைப்புக்காரர் கோட்டு முழங்கால்வரை தொங்கியது. என்னைப் பார்த்ததும், “சாப்ட்டியா?” என்றார். நான் இல்லை என்றேன். சூடான ரொட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். ரொட்டிக்கூடத்து ஜன்னலில் புதுக் கண்ணாடி ஒன்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

பிறகு நம் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் அந்தக் குவியலுக்கு முன்னால் நின்றோம்.

“அப்பா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது” என்றேன்.

“அத்தனை குண்டு விழுந்த ஊர்ல ஒரே ஒரு கண்ணாடிதான் போச்சுன்னா எவன்டா நம்புவான்? எனக்கு அப்பவே சந்தேகம்.”

“அப்ப ஏன் கண்ணாடி வாங்கிட்டு வந்தீங்க?”

கிடந்த செங்கல் ஒன்றைக் காலால் புரட்டினார். “ஒருவேளை நிஜமா இருந்துட்டா?” என்றார்.

அம்மாவிடம் திரும்பிப் போகச் சொன்னேன். தலையை ஆட்டினார். “காயிதத்துல என்ன வேணும்னாலும் எழுதிடலாம். அவ மூஞ்சிய பார்த்துட்டு என்னால சொல்ல முடியாது. அவ நல்லாகட்டும். அப்புறம் வர்றேன்.” பிறகு, “இருமல் எப்படி இருக்கு?” என்று கேட்டார். இப்போது இல்லை என்று அக்கா எழுதியிருக்கிறாள் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “பார்த்தியா? ஈரம் இல்லாத மூலைன்னு எழுதினேன், அதிலேயே சரியாயிட்டா” என்று சிரித்தார்.

இரவில் ரொட்டிக்கூடத்துக்குப் பின்னால் மாவு மூட்டைமேல் படுக்கிறார். பகலில் இடிபாட்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியும், பாதியும் அவர் கட்டியதுதானே.

அம்மாவுக்கு என் முத்தங்கள். நீ என்மேல் கோபமாகவே இரு, ஆனால் எழுது.

ஷவ்கி


மின்யா அல்கம்ஹ் அருகே
4 மே 1970

அன்புத் தம்பி ஷவ்கிக்கு,

உனக்கு அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்.

அம்மா இறந்துவிட்டார். தியாகப் பெருநாள் கழிந்து நான்காம் நாள். இருமல் இல்லை என்று நான் எழுதியபோது அவர் மண்ணுக்குள் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் எழுதியதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் உன்னைவிடப் பெரிய பொய் சொன்னது நான்தான்.

ஏன் என்று கேட்பாய். அப்பா வீடில்லாமல் குண்டுக்கு நடுவே இருக்கிறார் என்று உன் கடிதத்தால் தெரிந்திருந்தது. அம்மா போய்விட்டார் என்று தெரிந்தால் அவர் அதே நொடியில் சாலையில் இறங்கிவிடுவார். அந்த மாதம் அந்தச் சாலையில் தினமும் அடித்தார்கள். இங்கேயும் தலைக்குமேல் விமானம் வந்துகொண்டிருந்தது. இருவரையும் இழக்க எனக்குத் தெம்பில்லை. உன்னிடம் சொன்னால் நீ அவரிடம் சொல்லாமல் இருக்க மாட்டாய். இப்போது உன் கடிதத்தில் அவர் சிரித்தார் என்று வாசித்தேன். அதன் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

கடைசி இரண்டு நாளும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அப்பாவின் காகிதத்தை வாசிக்கச் சொன்னார். மாடி மூலையைப் பற்றிய வரி வந்ததும், “கடல் காத்து வரும், அங்க நல்லா மூச்சு விடலாம்” என்றார். அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அவர் முழுசாக நம்பித்தான் போனார். அது நல்லதா கெட்டதா என்று தினமும் யோசிக்கிறேன், விடை தெரியவில்லை.

அம்மாவைக் குளிப்பாட்டியது உம்மு ரகப். சொல்லாமலே வந்தாள். எங்களுக்கு இந்த ஊரில் அடக்க இடம் ஏது என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தபோது, “எங்க மாமியார் பக்கத்துல இடம் இருக்கு, அங்க வைங்க” என்றாள். அங்கேதான் இருக்கிறார்.

அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும். என்னால் காகிதத்தில் எழுத முடியாது.

உன் அக்கா,
இன்ஸாஃப்


முகாம்
22 மே 1970

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காவல் முறை. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தபடி அழுதேன். பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே அப்படி ஒரு மரியாதை உண்டு. நீ செய்ததைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஒரு மதியம் கொடுத்தார்.

அப்பா அடுப்பின் வாயில் களிமண் பூசிக்கொண்டிருந்தார். நான் வெளியே கூப்பிட்டேன். வரவில்லை, ஈரம் காய்ந்துவிடும் என்றார். அதனால் அங்கேயே நின்று சொன்னேன்.

“அம்மா போயிட்டாங்கப்பா.”

அவர் கை நிற்கவில்லை. “எப்போ?” என்றார். சொன்னேன். எந்தக் காகிதத்தை எப்போது எழுதினோம் என்று அவர் மனசுக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது.

“மூலை பார்த்து வச்சிருக்கேன்னு எழுதினது?”

“அது கிடைச்சுது. அக்கா வாசிச்சுக் காட்டியிருக்கா.”

“சரி” என்றார். மிச்சமிருந்த களிமண்ணைப் பூசி முடித்தார். ரொட்டிக்காரர்கள் அசையாமல் நின்றார்கள். பிறகு கை கழுவி, கோட்டைக் கழற்றி மடித்து, அதைக் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்தார். யார் குளிப்பாட்டினார்கள், எங்கே வைத்தார்கள் என்று கேட்டார். உம்மு ரகப் பெயரைச் சொன்னேன். “கோழிக்கூண்டுக்காரியா?” என்று கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

எங்கள் லாரியில் ஏற்றி வெளிச்சாவடிவரை கொண்டுவிட்டோம். அங்கிருந்து வண்டி கிடைக்கும் என்றார்கள். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். ஆனால் நான் எழுதிய அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் ஒரு கண்ணாடி என்று எழுதாமல் இருந்திருந்தால் அவர் கடைசிவரை அம்மா பக்கத்திலேயே இருந்திருப்பார். இது அவருக்கும் தெரியும். திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். இறங்கும்போது, “பார்த்து இரு” என்று மட்டும் சொன்னார்.

வந்து சேர்ந்தாரா? எப்படி இருக்கிறார்? என்னைப் பற்றி என்ன சொன்னார்? எதுவாக இருந்தாலும் உள்ளபடி எழுது.

ஷவ்கி


மின்யா அல்கம்ஹ் அருகே
11 ஜூன் 1970

அன்புத் தம்பி ஷவ்கிக்கு,

அக்காவின் ஸலாம். அப்பா சேர்ந்துவிட்டார். நீ கேட்டபடி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வந்ததும் வகுப்பறைக்குள் நுழையவில்லை. நேரே அம்மாவின் கபருக்குக் கூட்டிப் போகச் சொன்னார். நான் தூரத்தில் நின்றேன். என்ன பேசினார் என்பது காதில் விழவில்லை. நெடுநேரம் பேசினார்.

திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் முழுக்க முற்றத்தில் கூடியிருந்தது. சூயஸிலிருந்து வந்த ஆள் அல்லவா. துக்கம் கேட்டார்கள். தலை குனிந்து உட்கார்ந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. எல்லோரும் என்ன கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

“கேளுங்க” என்றார்.

போர்வைக்கு அந்தப் பக்கத்துக்காரர்தான் முதலில் கேட்டார், தன் வீடு எப்படி என்று. நீலம் அடிக்கச் சொன்னாரே, அவர். அப்பா அவர் முகத்தை நேராகப் பார்த்தார். “இல்ல. கிழக்குச் சுவர் மட்டும் நிக்குது. அதுவும் நிக்காது” என்றார். கேட்டவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவர் கேட்டார். “கூரை போச்சு. அஸ்திவாரம் நல்லா இருக்கு. மேல கட்டலாம்.” அடுத்தவருக்கு, “உன் கடை முழுசா இருக்கு, கதவை யாரோ பேத்துட்டான்.” இப்படி ஒவ்வொருவருக்கும், தெருத் தெருவாக, உள்ளதைச் சொன்னார். ஒருவருக்கும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. சில பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஆனால் அழுதுவிட்டு அங்கேயே இருந்தார்கள். இருட்டும் நேரத்தில் ஒருவர் எழுந்து, அந்தப் போர்வைகளுக்குப் பதிலாக நாளை மண் சுவர் வைத்துவிடலாமா மேஸ்திரி என்று கேட்டார். அப்பா, சரி, வைத்துவிடலாம் என்றார்.

எல்லோரும் எழுந்த பிறகு ஒரு கிழவர் தயங்கி நின்று, “உங்க வீடு, மேஸ்திரி?” என்று கேட்டார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“போன வருஷம் ஜூலைலயே போச்சு. என் பையன் நேர்ல போய்ப் பார்த்து அப்பவே எழுதிட்டான்” என்றார் அப்பா. “எதையும் மறைக்கல.”

நீ சுகமாக இரு.

உன் அக்கா,
இன்ஸாஃப்